வீட்டுக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் ஒத்து வருமா?
பகலில் கடை பில், இரவில் பிள்ளைகள் படிப்பு என ஒரே பெட்டியை ஓட்டும் வணிகர்கள் கவனத்துக்கு

தராசும் படிக்கல்லும் கல்லாப்பெட்டியும் போல கம்ப்யூட்டரும் கடைச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. "நமக்கு எதற்கு இந்தப் பெட்டி?" என்று இருந்தவர்கள்கூட, 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்ததும் கடனோ உடனோ வாங்கி ஒன்றை வாங்கி வைத்தார்கள். அப்போது வாங்கிய பெட்டிகளுக்குத்தான் இப்போது சோதனைக் காலம் வந்திருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஓடுவது விண்டோஸ் 10. அதற்குத் தந்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகத்துக்குத் தனியாகப் பதிவு செய்துகொள்வோருக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தது. அதற்கும் 2026 அக்டோபர் 13 என்று தேதி குறித்தது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிக் கொள்ளலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறையே 2017-ன் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. ஜி.எஸ்.டி.க்காக அவசரமாக வாங்கிய பெட்டிகள் அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவை. பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது; ஆனால் புது விண்டோஸ் அதை முறைப்படி ஏற்றுக்கொள்ளாது.

இந்த நிலையில் கடைக்காரர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது. இரண்டாவது, பாதுகாப்பு இல்லாத பழையதையே ஓட்டுவது. மூன்றாவது, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொள்வது. மூன்றாவது வழியைப் பற்றி "அருமை" என்பவரும் உண்டு, "அது நமக்கு ஆகாது" என்பவரும் உண்டு. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. வியாபாரி கணக்கில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

சரக்கு என்ன?

எந்தக் கம்ப்யூட்டரையும் உயிரோடு வைத்திருப்பது ஆபரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயக்க மென்பொருள். விண்டோஸ் அதில் ஒரு வகை. அதன் உள்விவரம் நிறுவனத்தின் ரகசியம். நாம் வாங்குவது அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. லினக்ஸ் அப்படியல்ல. மசாலாப் பொடி பாக்கெட்டின் மேலேயே எத்தனை மிளகாய், எத்தனை மல்லி, எவ்வளவு வறுக்க வேண்டும் என்று கைப்பக்குவம் முழுவதையும் அச்சிட்டு, "நீயும் அரைத்துக்கொள், மாற்றிக்கொள், அடுத்தவருக்கும் கொடு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் திறந்த மூல மென்பொருள்.

இதற்கு வழிகோலியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-ல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். இன்று அதை வைத்து உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் என்று பல பெயர்களில் தயாரித்துத் தருகிறார்கள். அரிசி ஒன்றுதான், மூட்டை மேல் முத்திரை வேறு என்பதுபோல.

"லினக்ஸா, நான் பார்த்ததே இல்லையே" என்று சொல்பவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு செல்போனின் அடித்தளம் லினக்ஸ்தான். ஆகவே புதிது என்ற பயம் தேவையில்லை. நம் வேலைக்கு ஒத்து வருமா என்பதே கேள்வி.

தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்த பரீட்சை

இந்தப் பரீட்சையை நம் மாநிலமே பெரிய அளவில் நடத்திப் பார்த்திருக்கிறது. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், 2006-க்குப் பிறகு, அந்த அலுவலகக் கம்ப்யூட்டர்களே சூசே லினக்ஸுக்கு மாற்றப்பட்டன. கடிதமும் கணக்கும் ஓப்பன் ஆபீஸில் நடந்தன. பள்ளிகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் போனது. இதே சமயத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து 2007-ல் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. தமிழ் உள்பட நம் நாட்டு மொழிகளில் வேலை செய்வதற்கு வசதியாக அமைந்தது அது.

அடுத்தது இலவச மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. திறந்தவுடன் எது வேண்டும் என்று பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மடிக்கணினி வந்த வீட்டுப் பெற்றோருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்தது விண்டோஸ். கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுத்தது விண்டோஸ். கோளாறு வந்தால் சரிசெய்பவர் கையில் இருந்த பென்டிரைவும் விண்டோஸ்தான். லினக்ஸ் அலமாரியின் மேல்தட்டில் வைத்த சரக்குபோல அப்படியே இருந்தது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் (இப்போது கைட் என்று பெயர்) பள்ளிகளை முழுக்க லினக்ஸுக்குக் கொண்டு போயிற்று. இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் அதுவே ஓடுகிறது. உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தங்களுக்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்துக்கொண்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடப் புத்தகமும் செய்முறைத் தேர்வும் அதிலேயே அமைந்தன. வழியில் யாரிடம் கேட்டாலும் பதில் கிடைத்தது.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாறுவதென்று முடிவெடுத்து, பத்தாண்டு பாடுபட்டு ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றியது. பிறகு 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானம் போட்டது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசோ 2024-ல் சுமார் 30,000 கம்ப்யூட்டர்களை விண்டோஸிலிருந்து மாற்றப்போவதாக அறிவித்தது. ஒரே சரக்கு ஓரிடத்தில் தங்குகிறது, ஓரிடத்தில் திரும்பி வருகிறது. வியாபாரிக்கு இது புதிய விஷயமா என்ன? சரக்கின் தரம் மட்டும் போதாது, விற்பனைக்குப் பின் கவனிக்க ஆள் வேண்டும் என்பது நமக்கு அன்றாடம் தெரிந்ததுதான்.

வீட்டு வேலைக்குப் போதுமா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருப்போரூரில் கோயிலைச் சுற்றியும் பழைய மகாபலிபுரம் சாலையோரமும் உள்ள கடைகளில் கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் பலர். கம்ப்யூட்டரில் வீட்டு வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான்: இணையம் பார்ப்பது, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, மின்கட்டணம், பிள்ளைகளின் பாடம், யூடியூப், ஒரு கடிதம் அடிப்பது, ஒரு பட்டியல் போடுவது.

இத்தனைக்கும் லினக்ஸ் தாராளமாகப் போதும். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் அதில் ஓடும். வங்கித் தளம் உள்ளே இருப்பது விண்டோஸா லினக்ஸா என்று பார்ப்பதில்லை. வேர்டு, எக்செல் இடத்தில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. வேர்டு, எக்செல் கோப்புகளையும் அது திறக்கும். எளிய கோப்புகளில் சிக்கல் வராது. கட்டம் கட்டமாக அலங்காரம் செய்த கோப்பில் வரி இடம் மாறிப் போகலாம்.

பழைய பெட்டிக்கு இது குறிப்பாகப் பொருந்தும். லினக்ஸ் மின்டுக்கு 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் சௌகரியம், 2 ஜி.பி.யிலும் நகரும். அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற பதிப்பு இலகுவானது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டுவிட்டால் பழைய பெட்டி இன்னும் சில வருஷம் உழைக்கும். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கும் இது பொருந்தும்.

தமிழுக்கும் குறைவில்லை. 1999-ல் அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவழைக்கும் முறையும் உண்டு. எல்லாம் யூனிகோட்தான். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகள் இருந்தால் மட்டும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அது விண்டோஸில் இருந்தாலும் என்றாவது ஒரு நாள் செய்ய வேண்டிய வேலையே.

கடை வேலையில் எங்கே இடிக்கும்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வீட்டுக்கு அது சரி. கல்லாவில் உட்கார்ந்தவர் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இடிக்கும் இடங்கள் இவை.

முதலாவது டாலி. நம் கணக்குப்பிள்ளைகளும் ஆடிட்டர்களும் பழகியது அதுதான். அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. ஒயின் என்ற இடைமென்பொருள் வைத்து லினக்ஸில் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் மார்ச் மாதக் கணக்கு முடிப்பை அதை நம்பி விட முடியாது. உள்ளூர்க் கம்பெனிகள் எழுதிக் கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர்களும் பெரும்பாலும் விண்டோஸுக்கானவையே.

இரண்டாவது வரிக் கணக்கு. ஜி.எஸ்.டி. தளத்தையும் இ-வே பில் தளத்தையும் லினக்ஸிலிருந்தே திறந்து வேலை பார்க்கலாம். தனி உரிமையாளர்கள் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலமே ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடலாம். ஆனால் ஜி.எஸ்.டி. தளம் தரும் ஆஃப்லைன் கருவி விண்டோஸுக்கானது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிந்திருப்பவர்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். அந்த டோக்கனை லினக்ஸில் வேலை செய்ய வைப்பதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும்.

மூன்றாவது பிரிண்டர். எச்.பி. பிரிண்டர்கள் பெரும்பாலும் தடங்கலின்றி இணையும். நம் கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஏராளமாக இருக்கும் கேனான் எல்.பி.பி. 2900 அப்படி எளிதில் இணையாது. அதற்கான மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தெர்மல் பில் பிரிண்டர், பார்கோடு ஸ்டிக்கர் பிரிண்டர் ஆகியவற்றை மாடலுக்கு மாடல் சோதித்தே சொல்ல முடியும். பார்கோடு படிக்கும் ஸ்கேனர் மட்டும் கீபோர்டு போல வேலை செய்வதால் பொதுவாகத் தொல்லை தராது.

நான்காவது அச்சுத் தொழில். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் அடிப்பவர்கள் நம்பியிருக்கும் பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப் மூன்றும் லினக்ஸுக்கென்று வருவதில்லை. இன்க்ஸ்கேப், கிம்ப் என்று மாற்று உண்டு என்றாலும், கை பழகிய வேலையாளை முகூர்த்த சீசனில் மாற்றச் சொல்வது நியாயமில்லை.

இந்த இடிபாடு குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கு மென்பொருள்கள் இணையத்தின் வழியாகவே ஓடத் தொடங்கிவிட்டன. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் கூடுவாஞ்சேரி அருகே தலைமையகம் வைத்திருக்கும் ஸோகோ நிறுவனத்தின் ஸோகோ புக்ஸ் அத்தகையது. மும்பையில் உருவான இ.ஆர்.பி. நெக்ஸ்ட் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. இவற்றைப் பயன்படுத்துபவருக்கு உள்ளே எந்தச் சிஸ்டம் என்பது ஒரு பொருட்டில்லை. ஆனால் இன்டர்நெட் நின்றால் பில்லும் நிற்கும். கிருத்திகை நாளில் கூட்டம் நெரியும்போது லைன் போனால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

பழையதையே ஓட்டினால் என்ன?

"ஓடுகிற வரை ஓடட்டும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயக் கிருமி உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. நம் பக்கத்து ஆந்திரப் போலீசாரின் கம்ப்யூட்டர்கள்கூடத் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே கொடுத்திருந்தது. திருத்தத்தைப் போடாதவர்களும், திருத்தம் வராத பழைய பதிப்பை வைத்திருந்தவர்களும்தான் மாட்டிக்கொண்டார்கள். மூன்று வருஷப் பேரேடும் வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியலும் ஒரே பெட்டியில் இருக்கும் கடைக்கு இது விளையாட்டான விஷயமல்ல.

இன்னொரு பழக்கமும் நம்மிடையே உண்டு. லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டுப் போவார் கம்ப்யூட்டர் பையன். எல்லோரும் செய்கிறார்களே என்று நாமும் விட்டுவிடுகிறோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவைப் படித்தவர்கள் அப்படி விட மாட்டார்கள். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆதாயத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தாதவருக்கு மட்டும், நீதிமன்றம் தக்க காரணம் எழுதி, சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். அதாவது வீட்டில் படம் பார்ப்பவருக்கு உள்ள சலுகை, அதே பெட்டியில் பில் போடுபவருக்குக் கிடையாது. கடையும் வீடும் ஒரே பெட்டியில் நடத்தும் நாம்தான் இதில் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இலவசத்துக்கும் செலவு உண்டு

லினக்ஸுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. போட்டுத் தருபவருக்குக் கூலி உண்டு. வீட்டில் உள்ளவர்கள் பழக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஏதாவது நின்றுபோனால் பார்ப்பதற்கு ஆள் தேட வேண்டும். மாநகரத்தில் அந்த ஆள் கிடைப்பார். நம் பகுதியில் விண்டோஸ் தெரிந்தவர் பத்துப் பேர் இருந்தால் லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் கிடைப்பதே அரிது. மடிக்கணினித் திட்டத்தில் பார்த்தோமே, அதே குறைதான்.

இந்தக் குறைக்கு மருந்தும் நம் சாலையிலேயே இருக்கிறது. நாவலூர், சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் லினக்ஸிலேயே நாள் முழுவதும் வேலை செய்யும் பிள்ளைகள் கேளம்பாக்கத்திலும் திருப்போரூரிலும் குடியிருக்கிறார்கள். நம் கடையில்தான் மளிகை வாங்குகிறார்கள். சென்னையில் 1998 முதல் இந்திய லினக்ஸ் பயனர் குழு இயங்கி வருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் உண்டு. இவர்கள் சந்தேகங்களுக்குக் காசு வாங்காமல் பதில் சொல்பவர்கள். 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழில் இவை பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் கிடைக்கின்றன.

மாற நினைப்பவர்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வாரம் என்னென்ன வேலை நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிரிண்டர் மாடல் நம்பரையும் எழுதுங்கள்.

2. டாலி, விண்டோஸ் பில்லிங், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மூன்றில் ஒன்று பட்டியலில் இருந்தாலும் கடைப் பெட்டியை மாற்றாதீர்கள். அதற்கு முறையான விண்டோஸ் 11 உள்ள பெட்டியே தக்கது. ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எதைத் தொடும் முன்பும் கணக்கு, படம், கடிதம் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று பாருங்கள்.

4. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்டை ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறக்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிடலாம். முகர்ந்து பார்த்து, கையில் அள்ளிப் பார்த்து மூட்டையை இறக்குவது நம் வழக்கம்தானே!

5. பிடித்திருந்தால் வீட்டுப் பெட்டியில் மட்டும் நிரந்தரமாகப் போடுங்கள். அவசரத்துக்குக் கூப்பிட ஓர் ஆளின் போன் நம்பரைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே அதைச் செய்யுங்கள்.

6. திருவிழா நேரம், தீபாவளி, மார்ச் மாதம் ஆகியவற்றில் எந்த மாற்றமும் வேண்டாம்.

முடிவாக

இணையம், கடிதம், படிப்பு, வங்கி என்ற அளவில் நிற்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் ஒத்து வரும். விண்டோஸ் 11 ஏற்காத பழைய பெட்டிக்கு அது நல்ல மருந்தும்கூட. டாலியோடு கட்டிப்போட்ட கடைக் கம்ப்யூட்டருக்கு அது இன்றைக்கு ஒத்து வராது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருப்பவர், முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும். புதுப் பெட்டி ஒன்று வாங்கினால் அது கல்லாவுக்குப் போகட்டும். பழையது லினக்ஸோடு மாடிக்குப் போகட்டும். ஒரு பெட்டிக் காசில் இரண்டு பெட்டி ஓடும். சட்டத்துக்கும் பயமில்லை, கணக்குக்கும் பயமில்லை.

சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தராசு முத்திரை முகாம் நடத்துவதுபோல, கூட்டம் குறைந்த ஒரு நாளில் கம்ப்யூட்டர் முகாம் ஒன்று நடத்தலாம். உறுப்பினர்கள் தங்கள் பெட்டியைக் கொண்டு வரட்டும். தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரை அழைப்போம். எந்தப் பெட்டி விண்டோஸ் 11-க்குத் தேறும், எது லினக்ஸுக்கு ஏற்றது, எது பழைய இரும்புக்குத்தான் என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம். எந்தப் பிரிண்டர் ஓடியது, எது ஓடவில்லை என்ற பட்டியலை இந்த இதழிலேயே வெளியிட்டால் அடுத்த ஊர் வணிகர்களுக்கும் உதவும். கேரளத்துப் பள்ளிகளுக்கு வாய்த்த பக்கத்துணை நம் கடைத்தெருவுக்கும் வாய்க்க இதுவே வழி.